மரத்தை மட்டும் இறக்கிராதே, மருமவனே

நீ அனுப்புன போட்டோ எல்லாம் வந்து சேந்துச்சு மருமவனே. மாமியும் பாத்தா. கொச்சிக் காயல், சாயங்கால வெயில், கறுப்புக் கண்ணாடியப் போட்டுக்கிட்டுச் சுக்கானைப் பிடிச்சு நிக்கிற நீ, எல்லாம் அம்சமா இருக்கு. உடைஞ்ச சாமானத்தோட போட்டோவைத்தான் ரொம்ப நேரம் தேடுனோம். கடைசியில ஒண்ணு கெடச்சுது. தட்டுல நின்னுக்கிட்டே, பாய்மரத்துப் பாதி உயரத்துல உள்ளதைச் செல்போன்ல இழுத்து இழுத்து எடுத்திருக்க. அதுல தெரியிறது ஸ்பிரெடரா காக்காயான்னு எனக்கும் மாமிக்கும் இன்னும் தகராறு தீரல.

ஸ்பிரெடர்தான்னு, அதாவது மரத்துக்கு ரெண்டு பக்கமும் கம்பியைத் தள்ளிப் பிடிக்கிற குறுக்குக் கைதான்னு வச்சுக்கிடுவோம். ஒரு பக்கத்துக் கை ‘லேசா’த் தொங்குதுன்னு எழுதியிருக்க. இங்கிலாந்துல 1970கள்ல ஃபைபர்ல அடிச்ச 28 அடிப் படகு. ஒரு வெள்ளைக்காரரு பாதி உலகம் சுத்தி வந்து, கொச்சியில மனசு வெறுத்து, உன் தலையில கட்டிட்டு பிளேன் ஏறிட்டாரு. அம்பது வருசம் நின்ன மரத்துல ஒரு கை லேசாத் தொங்குனா அதுக்குப் போயி யாராவது பதறுவாங்களா? நீ பதறல. மூணு யோசனை வச்சிருக்க. எம்-சீல் வச்சு அப்புறது, லேத்துல குடுத்து வெல்டு போடுறது, இல்லன்னா மேல ஏறி ஒரு எஸ்.எஸ். பட்டையை வச்சு ரிவிட் அடிக்கிறது. மூணுக்கும் ஒரே ஒரு பொதுக் குணம் உண்டு: மரத்தை இறக்க வேண்டாம். கிரேன்காரனுக்கு ஃபோன் பண்ண வேண்டாம், கம்பியக் கழட்ட வேண்டாம், ஞாயித்துக்கிழமை பறிபோகாது.

நான் உனக்குக் குறுக்க நிக்க மாட்டேன். பாய்த்தோணியை நடத்துற தண்டலா இருந்தவன், அது ஓஞ்ச பொறகு துபாய்ல பாய்ப்படகு யார்டுல கம்பியும் கப்பியுமாக் கெடந்தவன். மரத்தை இறக்காமத் தப்பிக்கிறதுக்கு ஆளுக என்னென்ன வழி கண்டுபிடிப்பாங்கன்னு கண்ணால பாத்தவன். எல்லாத்தையும் சொல்லுதேன், பிடிச்சதை எடுத்துக்கோ.

எம்-சீல் நல்ல சாமான். தண்ணித் தொட்டி ஒழுகுனா அதைத்தான் நானும் தேடுவேன். உன் மரத்துல ஒழுகுறது தண்ணி இல்லங்கிறது மட்டும்தான் சின்னச் சிக்கல். மேல்கம்பி மரத்து உச்சியில இருந்து கெளம்பி, ஸ்பிரெடர் நுனியில மடங்கி, தட்டு ஓரத்துல கம்பியை மாட்டுற செயின்பிளேட்டுக்கு வருதுல்லா? காத்தடிக்கிற பக்கத்துக் கம்பி விறைக்கும்போது அந்த மடக்கு நேராகப் பாக்கும். நேராகணும்னா ஸ்பிரெடரை மரத்தைப் பாத்து அமுக்கியாகணும். அந்த அமுக்கலை எல்லாம் வாங்குறது, நீ மாவு பெசைஞ்சு அப்பப் போற, கையை மரத்தோட சேத்துப் பிடிச்சிருக்கிற அந்தப் பிடிதான். நுனிக்கு மேல உள்ள கோணமும் கீழ உள்ள கோணமும் சமமா இருந்தாத்தான் பாரம் கை வழியா நேரா மரத்துக்குள்ள போகும். அதுக்குத்தான் ஸ்பிரெடர் நுனி எப்பவும் கொஞ்சம் மேல பாத்து நிக்கணும்ங்கிறது. தொங்கிருச்சுன்னா ஒவ்வொரு இழுப்புக்கும் இன்னும் கொஞ்சம் கீழ வழுக்கும். ஒரு நாள் நல்லாக் காத்தடிக்கையில கை படக்குன்னு மடங்கும், கம்பி தொளதொளக்கும், மரம் நடுவுல வளையும். எம்-சீல் மட்டும் ஒரு கீறல் விழாம அப்படியே இருக்கும். அதை போட்டோ எடுத்து அனுப்பு.

வெல்டு இன்னும் வசதி. அந்தப் பிடி வார்ப்பு அலுமினியம். வார்க்கும்போதே உள்ளுக்குள்ள பொத்தல் உண்டு, அதுல அம்பது வருச உப்பு வேற. டார்ச்சைக் காட்டுனா நுரைச்சுக்கிட்டு வரும். லேத்துக்காரரு தலையச் சொறிவாரு. அப்ப உனக்கு ஒண்ணு தோணும், எனக்குத் தெரியும்: பிடியே வேண்டாம், கையை மரத்தோட சேத்தே வெல்டு வச்சிரலாம்னு. தாராளமா வையி. மரம் 6061 இல்லன்னா 6063ங்கிற அலுமினியக் கலவையா இருக்கும். அச்சுல பிதுக்கி எடுத்து, பக்குவமா சூடு காட்டி, டி6ங்கிற பதத்துக்குக் கொண்டு வந்திருப்பாங்க. வெல்டுச் சூடு பட்ட எடத்துல அந்தப் பதம் எறங்கி, பலம் ஏறக்குறையப் பாதிக்கு வந்துரும். மரம் எங்கன ஒடியணும்னு அதுக்கு எடம் குறிச்சுக் குடுத்த புண்ணியம் உனக்கு.

மூணாவது யோசனைதான் உன் மனசுக்குப் பிடிச்சதுன்னு எழுத்துலயே தெரியுது. ஊஞ்சல் நாக்காலியில உக்காந்து, பாய் ஏத்துற ஆஞ்சான் கயித்தை மாட்டி, கீழ இருந்து ஒரு கூட்டாளி வின்சைச் சுத்த, மேல போயி ரிவிட் அடிப்பியாம். மரத்தைத் தாங்குற சாமான் ஒடிஞ்சிருக்கான்னு பாக்கிறதுக்கு அந்த மரத்துலயே தொங்குறது. உச்சியில உள்ள கப்பியோட அச்சை எப்ப பாத்த? அது எத்தனை வருசமா அங்கன சுத்துதுன்னு தெரியுமா? போறதுன்னா வெள்ளிக்கிழமைக்கு முந்தி போ. வெள்ளிக்கிழமை மாமி மாதா கோயிலுக்குப் போவா, உன் பேருக்கும் ஒரு மெழுகுவத்தி ஏத்திரச் சொல்லுதேன்.

ஏறிட்ட, ரிவிட்டும் அடிச்சிட்டன்னு வையி. எஸ்.எஸ். பட்டை அலுமினிய மரத்துல ஒட்டி உக்காந்திருக்கு. உப்புத் தண்ணி ரெண்டுக்கும் நடுவுல புகுந்தா அங்கன ஒரு சின்ன பேட்டரி ஆரம்பிக்கும். எஸ்.எஸ்.ஸுக்கு ஒண்ணும் ஆகாது. அலுமினியம் கரையும். கரைஞ்சது வெள்ளை மாவாப் பூத்து, பெயிண்டுக்கு அடியில கொப்புளமா நிக்கும். உன் மரத்துல, சாமான் திருகுன எடத்தைச் சுத்தி அப்படிக் கொப்புளம் இருக்கணுமே? வெள்ளைக்காரரு விக்கிறதுக்கு முந்தி நல்லாப் பூசிட்டுல்லா போயிருக்காரு. குத்திக் கித்திப் பாத்துராதே. உள்ள மாவு இருந்தா ராத்திரித் தூக்கம் போயிரும்.

அந்த மாவு திருகுக்குள்ள எறங்கி ஆணியோட ஒட்டிக்கிட்டா, ஸ்க்ரூ டிரைவரை வச்சுத் திருக்குனா தலை மழுங்கும். மழுங்குனதும் ஆளுக டிரில்லை எடுத்து மரத்துல பெருசா ஓட்டை போட்டுருவாங்க. துருவை எளக்குற எண்ணெயை விட்டு ரெண்டு நாள் ஊறப்போட்டு, சுத்தியால அடிச்சுத் திருப்புற இம்பாக்ட் டிரைவரை வச்சு, ஹீட் கன்னுல லேசா சூடு காட்டுனா வரும். எஸ்.எஸ்.ஸைவிட அலுமினியம் சூட்டுல கூட விரியும், ஓட்டை கொஞ்சம் வாயைத் திறக்கும். ஆனா இதெல்லாம் மரத்தை ரெண்டு முக்காலியில படுக்கப் போட்டுக்கிட்டுச் செய்யுற வேலை. ஊஞ்சல்ல ஆடிக்கிட்டு ஹீட் கன் பிடிக்கிறது உன் திறமை.

திரும்ப மாட்டும்போது ரெண்டு உலோகத்துக்கும் நடுவுல ஏதாவது தடுப்பு வேணும். மெல்லிசா நைலான் தகட்டை வெட்டி வைக்கலாம். திருகுக்கு டெஃப்-ஜெல், இல்லன்னா டுராலாக். ரெண்டும் கெடைக்கலன்னா லேனோலின், அதாவது ஆட்டு ரோமத்துல எடுக்கிற கொழுப்பு. கொச்சியில நீ என்ன செய்வன்னு எனக்குத் தெரியும். பக்கத்துக் கடையில கறுப்பா ஒரு கிரீஸ் டப்பா இருக்கும், கிராஃபைட் போட்டது, வழவழன்னு இருக்கும், அதை வாங்கிப் பூசுவ. பூசு. அலுமினியத்தைத் தின்னுறதுல கிராஃபைட் எஸ்.எஸ்.ஸையும் தூக்கிச் சாப்பிட்டுரும்.

ரிவிட்டுக்கும் ஒரு வார்த்தை. கயிறு கட்டுற சின்னக் கிளீட்டுக்கு அலுமினிய ரிவிட் போதும். பாரம் இழுக்கிற சாமானுக்கு மோனல் ரிவிட் தேடு. நிக்கலும் செம்பும் கலந்தது, நிக்கல்தான் மூணுல ரெண்டு பங்கு. சும்மா கையடக்க ரிவிட் கன்னுல அது மடங்காது. நீளக் கை வச்ச பெரிய கன்னு வேணும். அடிச்ச பொறகு நடுவுல நிக்கிற தண்டு இரும்பாயிருந்தா அங்கனயே துருப்பிடிக்கும், அதைத் தட்டி உள்ள தள்ளிரணும். ராத்திரி படகு ஆடும்போது மரத்துக்குள்ள கலகலன்னு சத்தம் வருது, பேயான்னு போன மாசம் கேட்டியே, அது உனக்கு முந்தி ரிவிட் அடிச்சவங்க உள்ள தள்ளுன தண்டுக. மரத்தைச் சாச்சா அடியில கொட்டும். அதுக்கும் இறக்கித்தான் ஆகணும், வேண்டாம், பேய்னே இருக்கட்டும்.

புது ஓட்டை போடுறதுன்னா ஒண்ணு மட்டும் செய்யாதே. மரத்தைச் சுத்தி ஒரே மட்டத்துல வரிசையாப் போட்டுராதே, ஒண்ணுக்கு மேல ஒண்ணா விலக்கிப் போடு. ஊடே போற போல்ட்டா இருந்தா மரத்துக்குள்ள ஒரு குழாய்த் துண்டு இருக்கணும். அது இல்லாம நட்டை முறுக்குனா மரம் ரெண்டு பக்கமும் உள்ள அமுங்கும். பழைய மரத்தைக் கழட்டும்போது அந்தக் குழாய் எங்கன போச்சுன்னு யாருக்கும் தெரியாது. கீழ விழுந்த சாமானத்தோட சேத்துக் கடலுக்குள்ள போயிருக்கும்.

பட்டை அடிக்க எந்த எஸ்.எஸ்.னு கேட்டியே. கடைக்காரரு காந்தத்தை ஒட்டிக் காமிப்பாரு, ஒட்டலன்னா ‘அசல் 316 சார்’னு சொல்லுவாரு. 304லயும் காந்தம் ஒட்டாது மருமவனே. அது உங்க மாமி குழம்பு ஊத்துற பாத்திரத்துக்கு உள்ளது. 316ல மாலிப்டினம்னு ரெண்டு மூணு சதம் கூடக் கலந்திருக்கும், உப்புல கொஞ்சம் தாக்குப் பிடிக்கும். ஆலைச் சர்ட்டிஃபிகேட் உள்ள பட்டையாக் கேட்டு வாங்கு. கேஸ் கட்டர்ல ஓட்டை போட விடாதே, டிரில் போடச் சொல்லு, ஓரத்தை உரசி வழவழப்பாக்கச் சொல்லு. ‘அதெல்லாம் எதுக்கு சார்’னு கேக்குறவர்கிட்ட இன்னொரு கடை எங்க இருக்குன்னு மரியாதையாக் கேட்டுட்டு வெளிய வந்துரு.

316ன்னு நிம்மதியாப் படுத்துராதே. எஸ்.எஸ்.ஸைக் காப்பாத்துறது அதுமேல படிஞ்சிருக்கிற கண்ணுக்குத் தெரியாத குரோமியத் தோல். அந்தத் தோல் கிழிஞ்சா தானா வளரும், வளர்றதுக்குக் காத்து வேணும். உப்பும் ஈரமும் உள்ள, காத்துப் புகாத சந்துல விட்டா தோல் வளராது, உள்ளுக்குள்ள குழி விழும், மேல பாத்தா பளபளன்னு இருக்கும். நீ என்ன பண்ணியிருக்க? ஸ்பிளிட் பின்னு குத்துதுன்னு கம்பியை முறுக்கி விறைப்பாக்குற டர்ன்பக்கிள் எல்லாத்துக்கும் கறுப்பு டேப்பை இறுக்கமாச் சுத்தி வச்சிருக்க. போட்டோவுல பாத்தேன், ரொம்ப நேர்த்தி. தண்ணி உள்ள போகும், வெளிய வராது. கொச்சியில ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் மழை பெய்யுறது அதுக்குத்தான்னு நெனச்சிருப்ப போல.

செயின்பிளேட்டும் அதே கதைதான். தட்டைத் துளைச்சுக் கீழ போற எடத்துல, பசையில பொதைஞ்சு, உன் கண்ணுக்குத் தெரியாமக் கெடக்கு. அறைக்குள்ள சுவத்துல பழுப்பா ஒரு கோடு எறங்கியிருந்தா மேல துணி தொங்கவிட்டு மறைச்சிரு. மறைக்க மனசு வரலன்னா ஒண்ணே ஒண்ணை உருவிப் பாரு. அதுல குழி இருந்தா மத்ததைப் பாத்து நேரத்தைப் போக்க வேண்டாம், எல்லாத்தையும் மாத்து. கம்பியில பத்தொம்பது பிரி இருக்கும். கீழ் நுனியில எஸ்.எஸ். குழாய்க்குள்ள அமுக்கிப் பிடிச்சிருக்காங்கல்லா, அதுக்குள்ளதான் தண்ணி எறங்கித் தங்கும், அந்த வாய்லதான் மொத பிரி அறும். துணியைக் கையில சுத்தி மேல இருந்து கீழ தடவிப் பாரு. துணி மாட்டுச்சுன்னா அந்தக் கம்பிக்கு நாள் குறிச்சாச்சு. வெளிநாட்டு இன்சூரன்ஸ்காரங்க பத்துப் பதினஞ்சு வருசக் கம்பின்னாலே மூஞ்சியச் சுளிப்பாங்க. உன் கம்பிக்கு என்ன வயசுன்னு கேட்டேன், ‘பாத்தா புதுசு மாதிரி இருக்கு மாமா’ன்னு சொன்ன. பொண்ணு பாக்கப் போகையில அப்படிச் சொல்லாதே.

தோணியில கயிறு தும்பு தும்பாப் பிரியும், நாலு நாளைக்கு முந்தியே சொல்லிரும். அந்தக் காலத்துல கொழும்புக்குச் சரக்கேத்திக்கிட்டுக் கெளம்புறதுக்கு முந்தி தண்டல் அதைத் தடவிப் பாக்காம ஆஞ்சானைத் தொடவே மாட்டான். எஸ்.எஸ். வாயே திறக்காது. அதனால உடைஞ்சதைப் பத்தி எனக்குக் கவலையே கெடையாது, அது வேலையை விட்டுட்டேன்னு பகிரங்கமாச் சொல்லிருச்சு. உடையாததைத்தான் நான் சந்தேகப்படுவேன். மாதா சப்பரத்தைச் சுமக்குறவங்கள்ல ஒருத்தன் தோளை உருவிட்டா சப்பரம் உடனே விழாது. பக்கத்துல உள்ளவன் தோள்ல பாரம் எறங்கும், அது அவனுக்கு மட்டும்தான் தெரியும். தொங்குற கைக்கு எதிர்க்கை, அதே வருசத்துல அதே அச்சுல வார்த்தது. அதே உப்பு, அதே வெயில். அதோட மேல கம்பி நுனியை மரத்துல மாட்டுற டாங், அதுல உள்ள பின்னு, கீழ பூம் மாட்டுற கூஸ்நெக்கு. நீ ஒரு கைக்குப் பட்டை அடிச்சிட்டு இறங்கி வருவ, மத்தவங்க எல்லாம் மேல உக்காந்து உன்னைப் பாத்துக்கிட்டு இருப்பாங்க.

அதைக் கண்டுபிடிக்க வழி இல்லாம இல்ல. எந்தப் பட்டறையிலயும் கேளு, டி.பி. டெஸ்ட்னு சொல்லுவாங்க. சாமானை நல்லாக் கழுவி, செவப்புச் சாயத்தை அடிச்சு, கொஞ்ச நேரம் ஊறவிட்டுத் தொடைச்சிட்டு, வெள்ளைப் பவுடரை அடிச்சா, தலைமுடி கனத்துல விரிசல் இருந்தாலும் செவப்பாக் கோடு காட்டும். வெலையும் கம்மிதான். முப்பது அடிக்கு மேல காத்துல பவுடர் அடிக்கிறது எப்படின்னு மட்டும் எனக்குத் தெரியாது. காக்காயத்தான் பழக்கணும்.

நீ பேசும்போது அடிக்கொரு தரம் அபிலாஷ் டோமியை இழுக்குற. நேவியில இருந்தவரு, பெரிய ஆளு. 2018 கோல்டன் குளோப் பாய்ப்படகுப் பந்தயத்துல, செப்டம்பர் 21ஆம் தேதி, தெக்கு இந்தியப் பெருங்கடல்ல புயல் அவரு படகு ‘துரியா’வைப் புரட்டிப் போட்டுச்சு. மரம் போச்சு, முதுகுல அடி, எந்திரிக்க முடியாமப் படுத்துக் கெடந்தாரு. மூணு நாள் கழிச்சு ஒசிரிஸ்ங்கிற பிரெஞ்சுக் கப்பல் வந்து தூக்குச்சு. அப்புறம் 2022 பந்தயத்துலயும் கெளம்பி, 2023 ஏப்ரல்ல ரெண்டாவதா வந்து சேந்தாரு. அவரு மரத்தைச் சாய்க்க அம்புட்டுப் பெரிய கடல் வேண்டியிருந்துச்சு. உனக்குப் போல்காட்டி ஜெட்டியில கட்டிப் போட்ட எடத்துலயே அந்த யோகம் இருக்கு. பக்கத்துப் படகுக்காரரு யாருன்னு இப்பவே பழகி வச்சுக்கோ, மரம் அவரு தட்டுலதான் விழும்.

இவ்வளவையும் கேட்ட பொறகு, ஒரு பேச்சுக்கு, மரத்தை இறக்குறதுன்னு வச்சுக்கிட்டா என்ன ஆயிரப் போவுது? கம்பியோட சேத்தாலும் அது நூறு கிலோவுக்குள்ளதான் இருக்கும். கழட்டுறதுக்கு முந்தி டர்ன்பக்கிள் ஒவ்வொண்ணுலயும் எத்தனை புரி வெளிய நிக்குன்னு எழுதி வை. கம்பிக்கு எந்தப் பக்கம், மேலா கீழான்னு சீட்டுக் கட்டு. பின்னுக்குப் பின்னு நீளம் அள. ஒடிஞ்ச பிடியையும் ஒடியாத பிடியையும் ஒண்ணாக் கழட்டு. மரத்தோட அடியிலயோ கூஸ்நெக்குப் பக்கத்துலயோ செஞ்ச கம்பெனியோட சின்னத் தகடு இருக்கும். பெரும்பாலும் பிராக்டர் இல்லன்னா கெம்ப். 1950கள்ல அலுமினிய மரத்தைப் பரவலாக்குனவங்கள்ல ஒருத்தரு இயன் பிராக்டர். அந்த ரெண்டு கம்பெனியும் பின்னால ஸ்வீடன் செல்டன்ல போய்ச் சேந்துருச்சு. மரத்தோட முன்பின் நீளம், குறுக்கு அகலம், தகட்டுக் கனம் மூணையும் அளந்து எழுதிக் கேட்டா, பழைய மரத்துக்குப் பொருந்துற பிடி இருக்கா இல்லையான்னு அவங்களே சொல்லிருவாங்க. இல்லன்னா ஒடியாத பிடியை மாதிரியா வச்சு, முழு அலுமினியக் கட்டையில கடைஞ்சு வாங்கலாம். ஜோடியாத்தான் வாங்கணும், ஒண்ணை வாங்கிட்டு வந்து நிக்காதே. மரம் நின்னிருந்த எடத்துல தட்டை ஒரு தட்டுத் தட்டிப் பாரு. ‘டொக்’னு கேட்டா நல்லது. ‘பொத்’னு கேட்டா எனக்கு ஃபோன் பண்ணாதே, அன்னைக்கு நான் ஊர்ல இல்ல.

மரத்தைத் திரும்ப நிறுத்தும்போது அடியில காசு வைக்கணும்னு அந்த வெள்ளைக்காரரு சொல்லிட்டுப் போனதா எழுதியிருந்த. பழைய பழக்கம்தான். லண்டன்ல பிளாக்ஃபிரையர்ஸ் பக்கம், தேம்ஸ் ஆத்துச் சேத்துக்குள்ள 1962ல ஒரு ரோமர் காலத்துக் கப்பல் கெடச்சுது. அதுல பாய்மரக் குழிக்குள்ள டொமிஷியன் ராசா காசு, பின்பக்கம் சுக்கானைப் பிடிச்ச அதிர்ஷ்ட தேவதை. அது மரக் கட்டையில செஞ்ச மரம், எந்தக் காசையும் தாங்கும். உன்னோடது அலுமினியம். தாத்தா வச்சிருந்த செப்புக் காசைப் பாசமா வச்சன்னா, மழைத் தண்ணி எறங்கி, மரத்தோட அடியை அந்தக் காசே தின்னுரும். ஓரம் நெளிநெளியா இருக்குமே பழைய பத்துப் பைசா, அதுல அலுமினியத்துல அடிச்சதை வை, சண்டை வராது. மாமிகிட்ட ஒரு டப்பா நெறையக் கெடக்கு. காசுக்கு ஐநூறு ரூவான்னு சொல்லுதா. குறைச்சுக் கேக்கிறதுன்னா அவகிட்ட நேராப் பேசு, கொரியர் செலவு உன்னோடது.